கடல் முடிந்த இடம்: சிந்து–சாங்போ பாறைகள் சொல்லும் கணக்கு

எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடல்வாழ் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் அதற்குள் புதைந்திருக்கின்றன. இமயமலை நிற்குமிடத்தில் முன்பு கடல் இருந்தது என்று சொல்ல வருகிற எவரும் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். கல்லும் உண்மை, துணுக்குகளும் உண்மை. ஆனால் அந்தச் சுண்ணாம்பு படிந்தது ஆர்டோவிசியன் காலத்தில், 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கிடந்து பிறகு மறைந்த டெத்திஸ் கடல் திறந்ததோ அதற்கு 15 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பெர்மியன் காலத்தில். அந்தக் கடல் பிறக்கும் முன்பே இறுகிவிட்ட கல்லிடம் போய் அதன் முடிவைப் பற்றிக் கேட்க முடியாது. 1893இல் நிலவியலாளர் எடுவார்ட் சூஸ் டெத்திஸ் என்று பெயர் வைத்ததிலிருந்து அப்படியொரு கடல் இருந்ததா என்ற சந்தேகம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. அது எப்போது இல்லாமல் போனது என்ற கேள்வி மட்டும் இன்றும் ஆய்வாளர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவர் 5.9 கோடி ஆண்டுகள் என்கிறார், இன்னொருவர் 5 கோடி, வேறொருவர் 3.4 கோடி, 2.5 கோடிக்கும் குறைவு என்போரும் உண்டு. ஒரே மலை, ஒரே பாறைகள், இவ்வளவு வேறுபட்ட விடைகள். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அளவீட்டுப் பிழையால் வருவதல்ல, எந்தப் பாறையை எதற்குச் சாட்சியாக எடுப்பது என்பதில் நேரும் குழப்பத்தால் வருவது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் விளிம்புக்குக் கீழே சரிந்து மேன்டிலுக்குள் இறங்குவதை அமிழ்வு என்கிறோம். இறங்குமிடத்தில் ஆழமான அகழி உண்டாகிறது. இறங்கும் தட்டிலிருந்து கசியும் நீர் மேலேயுள்ள மேன்டிலின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே பிறக்கும் பாறைக்குழம்பு மேலேறி எரிமலைகளாகக் கக்கும், அவற்றுக்கு அடியில் கிரானைட் திரள்களாக உறையும். சுமத்ராவிலும் ஜாவாவிலும் இன்று நடப்பது இதுதான். டெத்திஸின் தரையும் ஆசியாவின் தென்விளிம்புக்குக் கீழே பல கோடி ஆண்டுகள் இப்படியே இறங்கியது. அதன் மிச்சங்கள் சிந்து நதியையும் யார்லுங் சாங்போவையும் ஒட்டி, மேற்கே பாகிஸ்தானிலிருந்து கிழக்கே நம்சா பர்வா வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு குறுகிய பட்டையில் கிடக்கின்றன. நிலவியலாளர்கள் இதைத் தையல் மண்டலம் என்கிறார்கள். இரண்டு கண்டங்களைச் சேர்த்துத் தைத்த இடம். லடாக்கில் இந்தப் பட்டையைக் குறுக்கே கடந்தால் வரிசை தெளிவாகத் தெரியும். வடக்கே லே நகரத்துக்குப் பின்னால் அமிழ்வு உருக்கிய கிரானைட் மலைத்தொடர். அதற்குத் தெற்கே கடலடித் தட்டின் துண்டங்களான ஓபியோலைட் பாறைகள். கார்கில் பக்கம் ஷெர்கோலில் குளிர்ந்த தட்டு ஆழத்துக்கு இழுபட்டால் மட்டுமே உருவாகும் கிளாக்கோஃபேன் என்ற நீலக் கனிமம் கொண்ட பாறை. இன்னும் தெற்கே, லாமாயுருவில், இந்தியக் கண்டச் சரிவில் ஆழ்கடலில் படிந்த களிப்பாறை. இவை எல்லாம் அமிழ்வு நடந்ததைச் சொல்கின்றன. நின்றதைச் சொல்ல வேறு சாட்சிகள் வேண்டும்.

முதலில் கிரானைட்டையே கேட்கலாம். அமிழ்வு உருக்கியது இந்தப் பாறை என்றால் உருகுவது நின்ற தேதியே அமிழ்வு நின்ற தேதி என்று தோன்றும். லடாக் கிரானைட் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஒரே நாளில் உறைந்ததல்ல. அதிலுள்ள சிர்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5 கோடி ஆண்டுகளை ஒட்டி அந்த உலை அணைந்திருக்கிறது. திபெத்தின் லின்சிசோங் எரிமலைப் பாறைகளோ அதற்குப் பிறகும் சில பத்து லட்சம் ஆண்டுகள் தொடர்கின்றன. ஆனால் உலை அணைந்த நாளை அகழி அடைபட்ட நாள் என்று கொள்ள முடியாது. எரிமலை வரிசைக்கு நேர் கீழே அமிழும் தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். மேலே, அகழி வாயில், இந்தியக் கண்டத்தின் விளிம்பு வந்து சிக்கிக்கொண்ட பிறகும், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தட்டு இறங்கிக்கொண்டும் நீரைக் கசியவிட்டுக்கொண்டும்தான் இருக்கும். அது கண்டத்திலிருந்து அறுந்து விழும்போது சூடான மேன்டில் இடைவெளியில் புகுந்து இன்னொரு முறை பாறையை உருக்கவும் கூடும். கிரானைட் எப்போதும் தாமதமாகப் பேசும் சாட்சி. அது தரும் தேதிக்கு முன்பே முடிவு தொடங்கிவிட்டது என்று மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த சாட்சி கிழக்கு லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள நைஸ் பாறைகள் இந்தியக் கண்டத்தின் விளிம்பைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் சிறு சிறு வில்லைகளாக எக்ளோகைட் என்ற கனத்த பாறை. அதன் கார்னெட் மணிகளுக்குள் கோசைட் என்ற கனிமம் இருப்பதை டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்து வெளியிட்டார்கள். கோசைட் என்பது குவார்ட்ஸின் அடர்ந்த வடிவம். சுமார் 90 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தம் இல்லாமல் அது இங்கே உருவாகியிருக்காது. கண்டப் பாறை மிதப்புத்தன்மை உள்ளது, தானாக அந்த ஆழத்துக்குப் போகாது. முன்னால் போன கனத்த கடலடித் தட்டு அதைக் கயிறு கட்டி இழுத்தது போல இழுத்துப் போயிருக்க வேண்டும். பிறகு கயிறு அறுந்ததும் அது மேலே மிதந்து வந்திருக்க வேண்டும். இந்த ஒரு கனிமத்தில் அமிழ்வின் கடைசிக் காட்சி அடங்கியிருக்கிறது என்பதால்தான் இதன் வயதை நிர்ணயிக்க இவ்வளவு உழைப்பு செலவாகியிருக்கிறது. 5.5 கோடி, 5.3 கோடி, 4.7 கோடியிலிருந்து 4.3 கோடி என்று வெவ்வேறு கனிமங்களும் வெவ்வேறு முறைகளும் வெவ்வேறு விடைகள் தந்துள்ளன. பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கில் இதே வகைப் பாறை 4.6 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதைத் தருகிறது. எந்த எண்ணை ஏற்றாலும் ஒன்றைக் கணக்கில் கழிக்க வேண்டும். 45 பாகைச் சரிவில் 90 கிலோமீட்டர் ஆழம் போக விளிம்பு சுமார் 130 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் என்றால் 13 லட்சத்திலிருந்து 26 லட்சம் ஆண்டுகள் வரை ஆகும். அதற்கு முன்னால் விளிம்பின் வெளிப்பகுதி அகழியைத் தொட்டிருக்க வேண்டும். கோசைட்டும் பிந்திய சாட்சிதான். கிரானைட்டைவிட நெருங்கி நின்று பார்த்த சாட்சி.

மூன்றாவது சாட்சிதான் பொதுமக்களுக்கு மிகவும் பிடித்தது: கடைசிக் கடல் அடுக்கு. ஸன்ஸ்காரிலும் திபெத்தின் தெற்கிலும் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் நம்முலைட்ஸ் என்ற ஒருசெல் உயிரிகளின் வட்டமான ஓடுகள் நிறைந்திருக்கின்றன. சிறு நாணயம் என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்; கல்லை உடைத்தால் காசு கொட்டிக் கிடப்பது போலவே இருக்கும். இவை ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்தவை, வேகமாக இனம் மாறியவை. அதனால் அடுக்கின் வயதைச் சொல்லும். ஸன்ஸ்காரில் இந்தக் கடல் அடுக்குகள் 5.05 கோடி ஆண்டுகளை ஒட்டி முடிந்து, மேலே ஆற்றுப்படிவான செந்நிற மண்ணும் மணலும் வருகின்றன. திபெத்தில் எவரெஸ்டுக்கு வடக்கே கடைசிக் கடல் அடுக்கு 5 கோடி ஆண்டா 3.4 கோடி ஆண்டா என்று இன்னும் சண்டை நடக்கிறது. கடல் அடுக்கு முடிந்தால் கடல் முடிந்தது, கடல் முடிந்தால் அமிழ்வு முடிந்தது என்று இதை வாசிப்பது இயல்பான வாசிப்பு. அது தவறான வாசிப்பும்கூட. அமிழ்வு ஆழ்கடல் தரையைத் தின்கிறது. கண்டத்திட்டின் மேல் நிற்கும் முழங்கால் ஆழக் கடலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அரேபியத் தட்டு ஈரானோடு மோதிப் பல காலமாகிவிட்டது, ஸாக்ரோஸ் மலைகள் எழுந்துவிட்டன. பாரசீக வளைகுடா இன்னும் கடலாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கண்டத்தின் விளிம்பு பாண்டா தீவுவரிசையின் அகழிக்குள் நுழைந்து தீமோர் தீவை உயர்த்திவிட்டது. தீமோர் கடலில் கப்பல்கள் ஓடுகின்றன. மோதலின் பாரம் முன்னாலுள்ள நிலத்தை வளைத்துப் பள்ளமாக்குவதால் கடல் அங்கே நீடிக்கவும் முடியும். இமாசலத்தின் சுபாதுவில் நம்முலைட்ஸ் நிறைந்த அடுக்குகள் படிந்தது அப்படியொரு பள்ளத்தில்தான். அதன் மணலில் ஓபியோலைட்டிலிருந்து வந்த குரோமியம் ஸ்பினெல் மணிகள் கிடைப்பதால், கடல் இன்னும் இருந்தபோதே தையல் மண்டலத்தின் பாறைகள் அரிபட்டு வந்துகொண்டிருந்தன என்று தெரிகிறது. கடைசிக் கடல் அடுக்கு சொல்வது, இதற்குப் பிறகு மோதல் தொடங்கியிருக்க முடியாது என்ற உச்சவரம்பை மட்டுமே. 3.4 கோடி என்ற எண்ணை மோதலின் தேதியாக எடுப்பவர்கள் அந்த உச்சவரம்பையே விடையாக எழுதிவிடுகிறார்கள்.

நான்காவது சாட்சி மலைப் பாறையில்கூட இல்லை, இந்தியப் பெருங்கடலின் தரையில் பதிந்த காந்தக் கோடுகளில் இருக்கிறது. 1984இல் பாத்ரியா, அஷாஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவற்றைக் கொண்டு இந்தியாவின் வேகத்தைக் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலாக வடக்கே ஓடிவந்த தட்டு 5 கோடி ஆண்டுகளை ஒட்டிப் பாதிக்கும் கீழாக வேகம் குறைந்தது தெரிந்தது. மோதியதால் நின்றது என்ற விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தக்காண எரிமலைக் குழம்பை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கக்கிய மேன்டில் தூண்தான் இந்தியாவை அப்படி ஓடவைத்தது, அதன் தள்ளு ஓய்ந்ததால்தான் வேகம் குறைந்தது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இரண்டு காரணங்கள் ஒரே விளைவைத் தரக்கூடும் என்றால் அந்த விளைவிலிருந்து காரணத்தின் தேதியைப் பிரித்தெடுக்க முடியாது. வேகக் குறைவைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

அமிழ்வின் முடிவை நேரடியாகப் பதிவு செய்யும் அடுக்கு எது என்று யோசித்தால் விடை அகழியில்தான் இருக்க வேண்டும். கடல் திறந்திருக்கும்வரை இரண்டு கரைகளின் மணலும் கலக்காது. ஆசியாவின் மணல் ஆசியப் பக்க அகழியில் விழும். இந்தியாவின் மணல் இந்தியச் சரிவில் விழும். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடல். இந்தியத் தட்டின் மேல், இந்திய மணலுக்கு மேலே, ஆசியாவின் மணல் முதன்முதலாக வந்து படிந்த அடுக்கைக் கண்டுபிடித்தால் இரண்டு கரைகளும் தொட்ட தருணத்தைக் கண்டுபிடித்தது போல. திபெத்தின் தெற்கில் சாகா பகுதியிலுள்ள சாங்தான்லின் அப்படியொரு இடம். அங்கே கீழே தெங்காங் அடுக்குகள்: பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல், பழைய கண்டத்திலிருந்து நன்றாக அரைபட்டு வந்தது. அதிலுள்ள சிர்கான்கள் 50 கோடி, 100 கோடி ஆண்டுகள் என்ற வயதைக் காட்டுகின்றன. இந்தியாவின் கையெழுத்து அது. அதற்கு மேல் சாங்தான்லின் அடுக்குகளில் செர்ட்டும் களிப்பாறையும், இடையிடையே மணற்கல்லும். அந்த மணற்கற்களில் சில இந்திய வகை. சில எரிமலைத் துணுக்குகள் நிறைந்தவை, அவற்றின் சிர்கான்கள் சில கோடி ஆண்டுகளே வயதானவை. பத்து இருபது மீட்டருக்குள் இரண்டு கண்டங்களின் மணலும் மாறி மாறி வருகிறது, பிறகு இந்திய மணல் நின்றுவிடுகிறது, மேலே முழுதும் ஆசியா. செர்ட்டிலுள்ள ரேடியோலேரியா உயிரிகளின் ஓடுகளும், சாம்பல் படிவிலுள்ள சிர்கான்களும் சேர்ந்து இந்த மாற்றத்துக்குத் தரும் வயது ஏறத்தாழ 5.9 கோடி ஆண்டுகள். வெவ்வேறு குழுக்கள் 2005 முதல் இந்த இடத்தை மறுபடி மறுபடி அளந்தும் விடை பெரிதாக நகரவில்லை. இமயமலை ஆய்வில் இவ்வளவு உறுதியான இன்னொரு எண் அபூர்வம்.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. இளம் சிர்கான் என்றால் ஆசியாவிலிருந்துதான் வர வேண்டுமா? இந்திய விளிம்பிலும் கிரெட்டேசியஸ் தொடக்கத்தில், 14 கோடியிலிருந்து 12 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைகள் வெடித்திருக்கின்றன; அவற்றின் சாம்பலும் டெத்திஸ் பக்க மணற்கற்களில் இருக்கிறது. வயதை மட்டும் பார்த்தால் இந்த ஐயத்தை முழுதும் விலக்க முடியாது. ஹாஃப்னியம் ஐசோடோப்புகள் இங்கே கைகொடுக்கின்றன. பழைய கண்டப் பாறையை உருக்கிப் பிறந்த சிர்கானும், மேன்டிலிலிருந்து புதிதாக வந்த குழம்பில் பிறந்த சிர்கானும் ஹாஃப்னியம் விகிதத்தில் வேறுபடும். இந்தியப் பக்க எரிமலைச் சிர்கான்கள் முதல் வகை. ஆசியாவின் காங்டீஸ் மலைத்தொடரின் சிர்கான்கள் இரண்டாம் வகை. சாங்தான்லினின் இளம் மணிகள் காங்டீஸோடு பொருந்துகின்றன. இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: ஆழ்கடலில் சேற்று நீரோட்டங்கள் மணலை நெடுந்தூரம் கொண்டுபோகும், அகழி நிரம்பி வழிந்து ஆசிய மணல் இன்னும் மூடாத கடலின் மறுபக்கம் போயிருக்கக் கூடாதா? அகழி நிரம்பி வழிந்தாலும் ஆசிய மணல் படியக்கூடியது அகழியை ஒட்டிய கடலடித் தட்டின் மேல். சாங்தான்லினில் அது கண்டச் சரிவின் அடிவாரத்தில், இந்தியாவிலிருந்து வந்த மணலோடு அடுக்கு மாறி அடுக்காகக் கிடக்கிறது. இரண்டு கரைகளிலிருந்தும் மணல் வந்து சேரும் அளவுக்குக் குறுகிவிட்ட இடத்தை இனி பெருங்கடல் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது மறுப்பு மேற்கிலிருந்து வருகிறது; மற்ற இரண்டையும்விட இதற்கு வலு அதிகம். லடாக்கின் கிரானைட் ஆசியாவின் விளிம்பே அல்ல, கடல் நடுவே இருந்த ஒரு தீவுவரிசை, பாகிஸ்தானின் கோஹிஸ்தானோடு சேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். அதற்கு வடக்கே ஷியோக் என்ற இன்னொரு தையல் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா அந்தத் தீவுவரிசையைத் தொட்டது 5 கோடி ஆண்டுகளை ஒட்டி, அந்தத் தொகுப்பு ஆசியாவோடு சேர்ந்தது 4 கோடி ஆண்டுகளை ஒட்டி என்று வாதிட்டது. அப்படியானால் அங்கே அமிழ்வு ஒரு முறை முடியவில்லை, இரண்டு முறை முடிந்திருக்கிறது. இது சாங்தான்லின் கணக்கைக் கவிழ்க்குமா? கவிழ்க்காது என்றே தோன்றுகிறது. அதன் எல்லையைக் குறுக்கும். திபெத்தில் வந்து விழுந்த மணலில் இளம் எரிமலை மணிகளோடு ஆசியாவின் தென்விளிம்பான லாசா நிலத்தின் பழைய கண்ட மணிகளும் உண்டு, அவை தனித்தீவிலிருந்து வர முடியாது. மேற்கே வேறு வரலாறு இருந்திருக்கலாம். ஒரே கரையில் இரண்டு வரலாறுகள் இருப்பது வினோதமும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஃபாரலான் தட்டின் நடுக்கடல் முகடு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அகழியைத் தொட்டபோது அந்த இடத்தில் அமிழ்வு நின்றது, சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பிறந்தது. 1970இல் தான்யா அட்வாட்டர் விளக்கிய இந்த மாற்றம் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மென்டோசினோ முனைக்கு வடக்கே, ஓரிகன் கரையில், அமிழ்வு இன்னும் நடக்கிறது. ஒரே கடற்கரையில் முடிந்ததும் முடியாததும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள தையலுக்கு ஒரே தேதி கேட்பதுதான் வினோதம்.

இனி நிலப்பிளவுகளுக்கு வருவோம். அடுக்குகளைப் போல அவை வயதைத் தாங்கி நிற்பதில்லை. ஒரு பிளவு எதை வெட்டியிருக்கிறதோ அதைவிட இளையது, எது அதை மூடியிருக்கிறதோ அதைவிட மூத்தது. இந்த இரண்டு விதிகளே அதன் மொழி. அதோடு பிளவுகளுக்கு ஒரு தீய பழக்கம் உண்டு: பலவீனமான இடத்தில் மீண்டும் மீண்டும் நழுவி, முன்பு நடந்ததை அழித்துவிடும். இந்தியாவும் ஆசியாவும் உரசிய மூலப் பிளவை இன்று யாரும் கையால் தொட முடியாது. அதன் இடத்தில் இருப்பது பெரிய எதிர்த் தள்ளுப்பிளவு என்று அழைக்கப்படும் இன்னொரு பிளவு. டெத்திஸ் தரை வடக்கு நோக்கிக் கீழே இறங்கியது. இந்தப் பிளவோ தெற்கிலுள்ள பாறைகளை வடக்கு நோக்கி மேலே தள்ளியிருக்கிறது. முழுக்க எதிர்த்திசை. இதன் விளைவைக் கயிலாய மலையின் சுற்றுவட்டாரத்தில் காணலாம். தமிழர்களும் பக்தியோடு நினைக்கும் அந்தச் சிகரம் கூழாங்கல் திரளைப் பாறையால் ஆனது. கிட்டத்தட்டக் கிடையாக அடுக்கடுக்காகத் தெரியும் அதன் முகம் ஆற்றுச் சரளை இறுகி வந்தது. 1936இல் யாத்ரீகர் வேடத்தில் அங்கே போன சுவிஸ் நிலவியலாளர் அவுகுஸ்டோ கான்சர், அதற்குத் தெற்கே கடலடிப் பாறைகள் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார். கயிலாயச் சரளை காங்டீஸ் கிரானைட்டின் அரிபட்ட முதுகின் மேல் படிந்திருக்கிறது. அதன் மேல் தெற்கிலிருந்து தையல் மண்டலப் பாறைகளை எதிர்த் தள்ளுப்பிளவு ஏற்றியிருக்கிறது. வரிசை ஐயமற்றது: கிரானைட், அரிப்பு, சரளை, பிளவு. மோதியதும் மலை எழும், மலை எழுந்ததும் சரளை உருளும் என்ற எண்ணத்தில் இந்தச் சரளையை நெடுங்காலம் மோதலின் உடனடி விளைவாக, இயோசீன் காலத்ததாக வைத்திருந்தார்கள். சிர்கான் வயது வந்தபோது அது 2.6 கோடிக்கும் 2.1 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் படிந்தது என்று தெரிந்தது. சரளையும் மோதலும் ஒன்றே என்று பிடிவாதமாக நின்றால் மோதலையே இழுத்துப் பின்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்படி வாதிட்டவர்களும் உண்டு, 3.4 கோடி என்ற எண்ணுக்கு இந்தச் சரளையின் இளமையும் ஒரு தூணாக நின்றது. சரளை மோதலுக்கு மூன்று கோடி ஆண்டுகள் பிந்தியது, அது சொல்வது தையலின் பிற்கால வாழ்க்கையை என்று ஏற்றுக்கொண்டால் முரண்பாடே எழாது. பிளவு வெட்டிய அடுக்கின் வயது தெரியாதவரை பிளவைப் படிக்க முடியாது என்பதற்குக் கயிலாயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிளவுகளை வைத்தே தீர்க்க வேண்டிய ஒரு பெரிய கருத்து வேறுபாடும் உண்டு. 2012இல் டௌவே வான் ஹின்ஸ்பெர்கனும் அவரோடு இணைந்தவர்களும் முன்வைத்த கருதுகோளின்படி, 5 கோடி ஆண்டுகளை ஒட்டி ஆசியாவைத் தொட்டது இந்தியா அல்ல, இந்தியாவிலிருந்து கிரெட்டேசியஸ் காலத்தில் பிரிந்துபோன ஒரு சிறு கண்டம். அதற்கும் இந்தியாவுக்கும் நடுவே இன்னொரு கடல் கிடந்தது. அதுவும் அமிழ்ந்து தீர்ந்தது 2.5 கோடி ஆண்டுகள் அளவில்தான். இந்தக் கருதுகோள் ஆசையால் பிறந்ததல்ல. மோதலுக்குப் பிறகும் இந்தியா ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்திருக்கிறது; இமயமலையிலும் திபெத்திலும் மடிந்து சுருங்கிய பாறைகளை விரித்து அளந்தால் அவ்வளவு தூரம் தேறவில்லை. காணாமல் போன நிலம் கடலடியாக இருந்து அமிழ்ந்திருந்தால் கணக்கு நேராகும். இந்தக் கணக்குக் குறையை அலட்சியமாகத் தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு கடல் அமிழ்ந்து முடிந்தால் இக்கட்டுரை முழுக்கப் பார்த்த எச்சங்களில் சிலவாவது இருக்க வேண்டும்: ஓபியோலைட் துண்டம், நீலக் கனிமப் பாறை, எரிமலை வரிசை, இரு கரை மணல் கலந்த அடுக்கு. அந்தக் கடல் மூடியிருக்க வேண்டிய இடம் உயர் இமயத்துக்கும் அதன் வடக்கிலுள்ள டெத்திஸ் அடுக்குகளுக்கும் நடுவே, அல்லது அதற்குச் சற்றுத் தெற்கே. வடக்கு எல்லையில் இருப்பது தென் திபெத்தியப் பிளவு. மேற்பகுதி வடக்கே சரிந்து இறங்கிய விலகல் பிளவு அது. தெற்கே மையத் தள்ளுப்பிளவு. இரண்டின் ஓரத்திலும் கடலடிப் பாறையின் ஒரு துண்டம்கூட இதுவரை கிடைக்கவில்லை. இருபுறமும் உள்ள படிவுகளின் சிர்கான்களும் ஒரே கண்டத்தின் தொடர்ச்சியையே காட்டுகின்றன. தடயமின்மை ஒரு தடயமாகுமா என்று கேட்கலாம். பொதுவாக ஆகாது, ஆனால் வடக்கே அதே மலையில், அதே வகை நிகழ்வு, 2,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் தடயம் விட்டிருக்கும்போது, தெற்கே ஒரு கல்லும் விடாமல் இன்னொரு கடல் மூடியது என்பதை நிறுவும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. காணாமல் போன நிலம், வடக்கே நீண்டிருந்த மெலிந்த கண்ட விளிம்பாக இருந்து, அதன் மேல்தோல் மட்டும் உரிந்து மலையாகி, மிச்சம் கீழே போயிருக்கலாம். கணக்குக் குறை இந்தியா எவ்வளவு அகலமாக இருந்தது என்ற கேள்வியை எழுப்புகிறது. முதல் தொடுகையின் தேதியை அது தொடவில்லை.

இவ்வளவும் படித்த ஒருவர், இந்தியா இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் இமயமலைக்கு அடியில் நுழைந்துகொண்டுதானே இருக்கிறது, 1934 பீகார்–நேபாள நிலநடுக்கமும் 2015 கோர்க்கா நிலநடுக்கமும் அதனால்தானே வந்தன, பிறகு அமிழ்வு முடிந்தது என்பது என்ன கணக்கு என்று கேட்கலாம். சொற்பிரச்சினை போலத் தோன்றினாலும் இதில் பொருள் இருக்கிறது. கடலடித் தட்டு தன் எடையால் தானே இறங்கும். தட்டுகளை நகர்த்தும் விசைகளில் அந்த இழுப்பே பெரியது. கண்டம் இறங்குவதில்லை, திணிக்கப்படுகிறது. இழுத்துக்கொண்டிருந்த டெத்திஸ் தட்டு அறுந்து போய்விட்டது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமிக்குள் படம் எடுத்தவர்கள் 1999இல் அதன் துண்டங்களை இந்தியாவுக்கு நேர் கீழே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஆழத்தில் கண்டார்கள். துண்டம் நகரவில்லை, அதன் மேலாக இந்தியா வடக்கே வந்துவிட்டது. மேலே நுழைவு தொடர்ந்தாலும் அதைச் செலுத்தும் பொறி மாறிவிட்டது என்பதே முடிந்தது என்ற சொல்லின் பொருள். 5.9 கோடியில் முதல் தொடுகை, 5.3 கோடியை ஒட்டியோ சற்றுப் பின்னரோ விளிம்பு ஆழத்தில், 5 கோடியில் கண்டத்திட்டுக் கடல் வடிந்தது, அதன்பின் தட்டு அறுந்ததும் உலை அணைந்ததும்: சாட்சிகளை அவரவர் நின்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட ஒரு முடிவின் அடுத்தடுத்த கட்டங்களாக நிற்கின்றன.

மணல் அடுக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே நீளும் பட்டையில் பாறைகள் இழுபட்டு நசுங்கிக் கிடக்கின்றன. கோண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, 55 கோடி ஆண்டுகளை ஒட்டி, மொசாம்பிக் என்று பெயரிடப்பட்ட பழங்காலப் பெருங்கடல் மூடிய தையல் இதுதான் என்று 2007 முதல் ஒரு தரப்பு வலுவாக வாதிடுகிறது. எல்லை இதுவல்ல, கரூர், கம்பம், பைனாவு வழியே திருச்சூர் போகும் தெற்குக் கோடுதான் என்று இன்னொரு தரப்பு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. முசிறிக்கு அருகே மணமேட்டில் கடலடிப் பாறைத் தொகுதி என்று வாசிக்கப்படும் பாறைகள் உள்ளன. சந்திரயானுக்கு நிலவின் மண் போலச் செய்யப் பாறை கொடுத்த நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் அதே பட்டையில் இருந்தும் 250 கோடி ஆண்டு வயதுடையது. அதனால் இங்கே மூடியது ஒரு கடலா, வெவ்வேறு யுகங்களில் இரண்டா என்ற கேள்வியும் எழுகிறது. லடாக்கில் கிடைக்கும் ஒவ்வொரு சாட்சிக்கும் இங்கே மங்கிய ஒரு பிரதி இருக்கிறது, சாங்தான்லினுக்கு மட்டும் இல்லை. மேலோட்டின் மேல் அடுக்குகள் எல்லாம் அரிபட்டுப் போய், பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த பாறையே தரைக்கு வந்திருக்கிறது. பிளவு இருக்கிறது, அது வெட்டிய அடுக்கு இல்லை. ஆனாலும் மதுரையைச் சுற்றிலுமுள்ள குவார்ட்சைட் பாறைகள் ஒரு காலத்தில் ஏதோவொரு கரையின் மணலாக இருந்தவை. எவ்வளவு வெந்தாலும் சிர்கானின் உட்கரு பழைய வயதை விடாமல் வைத்திருக்கும். அந்த மணிகளை எடுத்து, வடக்கேயுள்ள தார்வார் கண்டத்தின் வயதோடும் தெற்கேயுள்ள நிலங்களின் வயதோடும் ஒப்பிடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.